விளாத்திக்கேணிக்கு ஒரு மையத்து

கபன் துணிக்குத் தூவுவதற்காகக் குசினி வாசலில் குந்தியிருந்து கற்பூரம் பொடித்துக்கொண்டிருந்தபோதுதான் றஹீமாவின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. உப்புக்குளத்து வாடகை வீட்டின் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு ஆண்கள் இருந்தார்கள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கண்ணை மூடிய அவளுடைய தம்பி கலந்தர் முன்னறையில் வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தான்.

பேசியவன் கிறகரி. பேசாலைப் பெடியன். கலந்தரிடம் பல்கலைக்கழகத்தில் படித்தவன், இப்போது காடு பார்க்கும் கந்தோரில் உத்தியோகம்.

“கவலைப்படாதீங்கோ மஹ்மூது அண்ணை,” என்று அவன் றஹீமாவின் புருசனைக் குசினிச் சுவர்ப் பக்கம் தள்ளிக் கூட்டிவந்து சொன்னான். “மேலிடத்தில கதைச்சிட்டன். கலந்தர் சேரை உங்கட விளாத்திக்கேணியில அடக்கலாம். கேற்றை நானே வந்து திறந்து விடுறன். வேற ஆருக்கெண்டாலும் விடமாட்டாங்கள். அந்தக் காடு காடா நிக்கிறதே சேராலதானே! அவர் வரைபடம் கீறித் தந்திருக்காட்டி, அதை ஒதுக்குக் காடு எண்டு எங்களால அறிவிச்சிருக்கவே ஏலாது.”

புகழ்ந்துதான் சொன்னான். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்ல வேண்டும் என்ற மரியாதை அவன் குரலில் இருந்தது. “சரி, சரி” என்று மஹ்மூது அவனைக் கதிரைகளின் பக்கம் திருப்பி அனுப்பினான். றஹீமாவின் விரல்கள் கற்பூரத்தில் அப்படியே நின்றுவிட்டன.

கலந்தரை ஊரார் எலி டொக்டர் என்பார்கள். காய்ச்சலுக்கு ஒரு குளிசைகூடக் கொடுக்கத் தெரியாத டொக்டர் என்று மஹ்மூது பகிடி பண்ணுவான். வெள்ளெலி, மூஞ்சூறு, கீரி என்று சின்னச் சின்னச் சீவன்கள் எந்த இடத்தைப் பார்த்துக் குடியிருக்கின்றன என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு உலகத்தில் வேறு இடமா இல்லை? அவன் பிடித்துக்கொண்டது கொண்டச்சிக்குத் தெற்கே கிடந்த சொந்த ஊரை. தொண்ணூறில் இயக்கத்தால் ஊரே உடுத்த துணியோடு துரத்தப்பட்டு, புத்தளத்துக் கொட்டில்களில் இருபது வருசம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தால், விளாத்திக்கேணி வீடுகளுக்குள் மரம் முளைத்திருந்தது.

தம்பி அங்கே வேலை செய்யப் போகிறான் என்றதும் றஹீமா குளிர்ந்து போனாள். படித்தவன் காலடி பட்டால் ஊர் எழும்பிவிடும் என்று நினைத்தாள். எலி பிடிக்கும் கூண்டுகளுக்குள் வைக்கக் கருவாடும் தேங்காய்ச் சொட்டும் வறுத்துக் கொடுத்தாள். பற்றைக்குள் அவனுக்கு முன்னால் நடந்து, “இது கேணியடிப் பாதை, இது சரீபா மாமிட வீடு, இந்தா எங்கட குசினி” என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் அந்தந்த இடத்தில் மரத்துக்கு மரம் மஞ்சள் நாடா கட்டினான். ஊருக்கே அது எல்லைக் குறி. எலி டொக்டர் வளவு பிரிக்கிறான், கந்தோரில் காட்டிக் காணியை எடுத்துத் தரப்போகிறான் என்று பெண்களெல்லாம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு நாடாவை வாங்கித் தங்கள் தங்கள் வாசலில் தாங்களே கட்டினார்கள். அந்தக் கதையைப் பரப்பியவள் றஹீமாதான். கலந்தர் அவளைப் பார்த்துச் சிரித்தானே தவிர, ‘இல்லை ராத்தா, இது எலிக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னானில்லை.

தட்டில் மண்ணைப் பரப்பி, அதற்குள் தினையைக் கலந்து வைப்பான். பயமில்லாத இடமென்றால் வெள்ளெலி இருந்து கிண்டிக் கிண்டித் தின்னும். பயமுள்ள இடமென்றால் பாதியில் விட்டுவிட்டு ஓடும். மிச்சத் தினையை நிறுத்துப் பார்த்தால் அதற்குப் பிடித்த இடம் எதுவென்று தெரியும் என்பான். அவர்களுடைய குசினிச் சுவரடியில் வைத்த தட்டில் எப்போதும் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாது.

“நாங்க போன பிறகு வந்து குடியேறினதுகள் ராத்தா,” என்று ஒருநாள் சொன்னான். “அதுகளுக்கு இந்த இடம் மனசுக்குப் பிடிச்சிருக்கு.”

அன்றைக்கு அவள் சிரித்தாள். இப்போது கற்பூரத்தை அழுத்தி அழுத்திப் பொடித்தாள். எலியிடம் தட்டு வைத்துக் கேட்டவன், கூடப் பிறந்தவளிடம் வாயால்கூடக் கேட்கவில்லையே. ஒதுக்குக் காடு என்று கந்தோர்க்காரர் அறிவித்தல் பலகை நட்ட நாளிலும் அவள் மடியில் தலை வைத்துப் படுத்து, “காணியை விடச் சொல்லி எழுதிக்கொண்டுதான் இருக்கிறன் ராத்தா, கொஞ்சம் பொறுங்க” என்றானே! அந்தத் தலைக்கு அவள் எண்ணெய் வைத்துவிட்டாளே!

தண்ணீர் எடுக்க மஹ்மூது உள்ளே வந்தான்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

அவன் வாளியைப் பார்த்தான். “மௌத்தானவனப் பத்தி இப்ப என்னத்துக்கு?”

“தெரியுமா எண்டுதான் கேட்டனான்.”

“பலகை நட்டபோதே தெரியும். நீ தாங்கமாட்டாய் எண்டுதான் சொல்லல்ல.”

அவள் பொடித்த கற்பூரத்தை அவன் கையில் கொடுத்தாள்.

லுஹர்த் தொழுகைக்கு முன்னால் மையத்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன் பள்ளி லெப்பை வாசலில் நின்று, “மையத்தால ஆருக்காச்சும் மனத்தாங்கல் இருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்தி மன்னிச்சுக்குங்க” என்றார். முற்றமெல்லாம் “பொருந்திட்டம், பொருந்திட்டம்” என்றது. ஊரிழந்த கிழவர்கள்கூடச் சொன்னார்கள். அவர்களுக்கு விசயம் தெரியாது.

லெப்பை உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினார். “ராத்தா பொருந்திட்டாவா? கூடப் பிறந்தவ, வாயால சொல்லோணும்.”

திரைக்குப் பின்னால் நின்ற றஹீமா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லிவிட்டுத் தூங்குகிற முகம்தான் அது. சொல்லிவிடத்தான் நினைத்தாள். சொல்லாவிட்டால் அவனுக்குக் கப்றுக் குழிக்குள் பாரம் என்று அவளுக்குத் தெரியாதா? நாக்கு எழும்பவில்லை.

வெளியே ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பொருந்திட்டா, பொருந்திட்டா. அழுகையில சத்தம் வரல்ல,” என்றான் மஹ்மூது. “தூக்குங்க.”

பள்ளியில் தொழுகை முடிந்து மையத்து வாகனம் புறப்படும்போது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளியடி வரை பின்னாலேயே வந்த றஹீமா, ஆட்களுக்கென்று நின்ற வான் வண்டியில் ஏறினாள்.

“பொம்பிளையள் மையவாடிக்கு வாறதில்ல,” என்றார் லெப்பை.

“கப்றடிக்கு வரமாட்டன். எங்கட வளவடியில இறங்கி நிப்பன்,” என்றாள். அதற்கு என்ன சட்டம் இருக்கிறதென்று லெப்பைக்கு உடனே பிடிபடவில்லை. வான் புறப்பட்டுவிட்டது.

கிறகரி மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்க் கேற்றைத் திறந்து வைத்திருந்தான். இத்தனை வருசமாகக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், தலையைக் குனிந்துகொண்டு சந்தூக்கோடு உள்ளே போனார்கள். உம்மாவின் கப்றுக்குப் பக்கத்தில் கலந்தருக்குக் குழி வெட்டியிருந்தது. ஆசைப்பட்ட இடம். எலிக்கும் கிடைத்தது, எலி டொக்டருக்கும் கிடைத்தது என்று றஹீமா நினைத்தாள். அந்த நினைப்புக்காக அவள் வெட்கப்படவில்லை.

அவள் குசினி இருந்த இடத்தில் நின்றாள். இடுப்பளவு சுவர் மிஞ்சியிருந்தது. அதன் அடியில் வளைகள், வாயில் புது மண். தூரத்தில் ஆண்களின் ஓதல் கேட்டது. பிறகு மண் விழுகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தம்பி என்று வாய்விட்டு அழுதாள். அழுதுவிட்டு முகத்தைத் துடைத்து, முக்காட்டின் இரண்டு நுனியையும் பிடரியில் முடிந்துகொண்டாள்.

ஆட்கள் திரும்பி வந்து வானில் ஏறினார்கள். மஹ்மூது வளவுக்குள் வந்தான்.

“அடக்கியாச்சு. இப்பவாவது பொருந்திட்டன் எண்டு சொல்லிடு றஹீமா. போயிட்டானே.”

“எங்க போனான்? இந்தா, ஊரிலதானே இருக்கான்.”

வான் ஹோர்ன் அடித்தது. கிறகரி பூட்டும் கையுமாகப் பாதையில் வந்து நின்றான்.

“அக்கா, குறை நினைக்காதீங்கோ. நேரம் போயிட்டுது. கேற்றைப் பூட்டோணும்.”

றஹீமா சுவரோரம் குனிந்தாள். வளைகளை மிதிக்காமல் காலை அகட்டி வைத்துக்கொண்டு, வாசல் இருந்த இடத்தில் முளைத்திருந்த முட்செடியை அடியோடு பிடித்தாள்.

“பூட்டுங்க தம்பி,” என்றாள்.

செடி வேரோடு வந்தது. அதைச் சுவருக்கு வெளியே எறிந்துவிட்டு, அடுத்ததைப் பிடித்தாள்.