குழாயடிப் பேய்: பாகம் இரண்டு

மாரிசெல்வி எடுத்த முதல் படம் பயங்கரமான பேய்ப்படம். பயங்கரம் என்பது அவளுடைய கருத்து. பேயாக நடித்த அவள் சித்தி ஆறுமுகத்தாய்க்குச் சிவப்புச் சேலை கட்டி, தலையை விரித்துவிட்டு, கையில் வேப்பங்குலையும் கொடுத்திருந்தோம். மும்பை தாராவியில், எங்கள் சந்துக் கூடத்தில் திரையிட்டோம். பேய் வந்ததும் பெண்கள் எழுந்து குலவை போட்டார்கள். ஒருத்தி திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்தாள். இன்னொருத்தி, மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று பேயிடமே கேட்டாள்.

இதை யாரோ போனில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். குர்லா, விக்ரோலிப் பையன்கள் எல்லாம் படத்தைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்கள். வசனங்களை மனப்பாடம் செய்தார்கள். சித்தியோடு ரயிலில் செல்ஃபி எடுத்தார்கள். மாரிசெல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டாம் பாகத்துல ஒருத்தராவது அலறணும்ல. இல்லன்னா கேமராவ வித்துட்டு கால் சென்டருக்குப் போயிருவேன்," என்றாள் என்னிடம்.

வசனம் எழுதுவது நான். எழுதிக் காட்டினேன்.

"இதுக்கும் சிரிப்பாவ," என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த சிக்கல் உடை. சிவப்பு கட்டினால் அம்மனாகிவிடும்.

"நைட்டில வாரேன். நைட்டியப் பாத்து எவ குலவை போடுவா?" என்றாள் சித்தி.

குழாயடியில் ஒத்திகை பார்க்கும்போது சித்தியின் கால் பட்டு யாருடைய நிரம்பிய வாளியோ கவிழ்ந்தது. வரிசையில் நின்ற அத்தனை முகங்களும் வெளிறின. மாரிசெல்வி அந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் வசனம் முழுவதையும் கோடு போட்டு அடித்தாள்.

படம் தயாரானதும் அதே கூடத்தில், ஒரு ஞாயிறு மாலை திரையிட்டோம். நைட்டிப் பேயைப் பார்த்ததும் சிரிப்பு. விசில். பேய் ஒன்றும் பேசவில்லை. ஓடுகிற குழாயைத் திருகி மூடியது. சிரிப்பு நின்றது. நிரம்பிய நீல டிரம் ஒன்றின் மேல் கை வைத்து மெல்லச் சாய்த்தது. தண்ணீர் சாக்கடைக்குள் போயிற்று.

கூடமே அலறியது.

"ஏ, அவளப் பிடிங்கட்டி," என்று முன்வரிசையில் பூமாரி அக்கா எழுந்துவிட்டாள். இரண்டு பேர் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். டிரம் பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "மறுபடியும் போடுங்க," என்றார்கள். போட்டோம். மறுபடியும் அலறிவிட்டு, அலறியதற்காக ஒருவரையொருவர் காட்டிச் சிரித்தார்கள்.

மாரிசெல்வி ஸ்பீக்கர் மேல் சாய்ந்து நின்றாள். "கேட்டியால?" என்றாள்.

மறுநாள் காலை குழாயடியில் சித்தி வழக்கம்போலக் கடைசியில் போய் நின்றாள். வரிசை தானாக விலகியது.

"நீங்க மொதல்ல பிடிங்கக்கா," என்றாள் பூமாரி அக்கா, தன் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.