கண்டீஷாவின் கால்

செபு ஆற்றங்கரையில் ஆண்களை மயக்கித் தண்ணீருக்குள் இழுத்துப்போகும் பேய்ப்பெண் ஆயிஷா கண்டீஷா. முகம் கொள்ளை அழகு, கால் மட்டும் ஆட்டுக் குளம்பு. கிஸ்லானின் முதல் புகைப்படக் கண்காட்சிக்கு அவளுடைய படம் ஒன்றுதான் பாக்கி. கண்டீஷாவாக நிற்க ஊரெல்லாம் ஆள் கேட்டாள்.

"பிஸ்மில்லா! அந்தப் பேர வீட்டுக்குள்ள சொல்லாதடி!" என்று கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் ஹத்தூம் தானாகவே வந்தாள். அவள் புருஷன் ஆற்றோடு போனவன். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை ஊர் வசதியாக மறந்துவிட்டது.

"என்னைய எடு. அவரு போனதுலேருந்து எனக்கு இங்க அந்தப் பேருதான்."

கிஸ்லானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளைப் போர்வை போர்த்தி அவளை ஆற்றில் இறக்கி நிறுத்தினாள்.

"காலு தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்க்கா. பாக்குறவங்க குளம்புன்னு நெனச்சுக்கட்டும்."

ஹத்தூம் விறுவிறுவென்று கரையேறினாள். பாறைமேல் உட்கார்ந்து அங்கியைக் கணுக்கால்வரை தூக்கினாள். சேறு, பித்தவெடிப்பு, நகம் பெயர்ந்த ஒரு கட்டைவிரல்.

"இதுக்குத்தான்டி வந்தேன். படத்துல மூஞ்சி விழலேன்னாலும் பரவால்ல. பத்து வெரலும் தெரியணும்."