தண்ணி டேங்கைச் சுற்றிவந்த தக்காளி வண்டி

1.

இந்தக் கதை எனக்கு மொட்டை மாடியில் கிடைத்தது. வடாம் காயவைக்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். லாக்டவுன் போட்ட புதிதில், வேங்கிக்கால் பக்கம் எங்கள் தெருவில் நடந்தது அத்தனையும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். கைப்பிடிச் சுவர்மேல் கொஞ்சம் எக்கினால் ஜாஸ்தியாகவே தெரியும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கொடிய நோயொன்று உலகையே வீட்டுக்குள் பூட்டிய அந்த இருண்ட" போதும். இது தக்காளிக் கதை.

அடுத்த ஆரம்பம்: "கஸ்தூரி பேரழகி." படித்தால் அவளே சிரிப்பாள். அடித்துவிட்டேன். (சுமார் என்றும் சொல்ல முடியாது. ஐம்பதைத் தொட்டும் நரை கம்மி. இது அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.)

2.

எங்கள் தெரு ஒரு வளையம். நடுவில் தண்ணி டேங்க், சுற்றிலும் வீடுகள், உள்ளே வர ஒரே வழி. நுழைந்ததும் இடப்பக்கம் அருணாதேவி வீடு, வலப்பக்கம் கஸ்தூரி வீடு.

சக்கரவர்த்தி பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி ஷேர் ஆட்டோ ஓட்டியவர். கிரிவலம் நின்றதும் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் காய்கறி ஏற்றிக்கொண்டார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் நாளே, கஸ்தூரியின் கண்ணெதிரே வண்டியை இடப்பக்கம் ஒடித்தார்.

"ஏம்பா ஆட்டோ! பக்கத்துல நிக்கறேன், தெரியல? இப்படித் திருப்பேன்!"

"முடியாதுங்க. மலைய வலத்துல வச்சு சுத்தியே பழக்கம்."

"இது என்ன மலையா? தண்ணி டேங்க்குப்பா!"

"சுத்துன்னா சுத்துதாங்க. எதிர்ல ஓட்டினா எனக்குக் கை நடுங்கும்."

ஆக, வாசலை ஒட்டியே நுழைகிற வண்டி தெரு முழுக்க ஊர்வலம் போய்விட்டுக் கடைசியாகத்தான் கஸ்தூரியிடம் வரும். அதற்குள் அருணாதேவி ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனி ஒடித்துப் பார்த்திருப்பாள். கஸ்தூரி வாசல் ஸ்டூலில் வைத்த ஒயர் கூடைக்கு மிச்சம்: நசுங்கின தக்காளி, நுனி ஒடிந்த வெண்டை.

3.

கஸ்தூரி பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தைக் கட்டி மேய்த்தவள். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. மகள் அபிநயா பெங்களூரில், போனுக்குள் இருக்கிறாள். பள்ளி பூட்டியதும், ஒருத்திக்கு மட்டும் எப்படிச் சமைப்பது என்று கஸ்தூரிக்கு விளங்கவில்லை. எது வைத்தாலும் ஒரு வகுப்புக்குக் காணும்.

நசுங்கின தக்காளியையெல்லாம் தொக்காகக் கிண்டினாள். ஒரு பாட்டிலை ஸ்டூலில் வைத்து, "நீ குடுத்த அழுகல்ல செஞ்சதுப்பா. நீயே தின்னு" என்றாள்.

மறுநாள் பாட்டில் கழுவித் திரும்பி வந்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை நட்டமாக நின்றது. மார்க்கெட்டில் ஓசியாகக் கொடுப்பதைப் பூச்செண்டாக்கியவர், எனக்குத் தெரிந்து அந்த மனுஷர் ஒருத்தர்தான்.*

* கஸ்தூரி அதை மஞ்சள் தண்ணியில் அலசினாள். தாளிக்கவில்லை. ஜன்னலில் வைத்தாள். எக்கிப் பார்த்தேன்.

4.

இந்த இடத்தில் எனக்குச் சக்கரவர்த்திமேல் சந்தேகம் வந்தது. நல்லவராகவே எழுதிக்கொண்டு போனால் கதை நிற்குமா? ஒரு ரகசிய மனைவியை வைக்கலாமா? விசாரித்தேன். மனைவி இறந்து வெகுநாளாகிறதாம். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சப்பென்று போய்விட்டது எனக்கு.

நல்லவேளை, அருணாதேவி இருந்தாள்.

"டிரைவர் சீட்டுக்கு அடியில என்னங்க ஒரு பை ஒளிஞ்சிட்டிருக்கு?"

"ஸ்டெப்னிங்க."

"ஸ்டெப்னிக்கு முருங்கக்காய் நீட்டிக்கிட்டிருக்கே!"

அன்றைக்குத் தெருவே மாஸ்குக்குள் சிரித்தது. அந்தப் பை கடைசி வீட்டுக் கூடையில் இறங்கியபோது, கஸ்தூரி "ஏம்பா" என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்று தொக்கை நீட்டினாள்.

5.

பிறகு ஒருநாள் அவர் சொன்னார். "நாளையோட காய்கறி முடிஞ்சுதுங்க. தளர்வு குடுத்துட்டாங்க. இனிமே பஸ் ஸ்டாண்டு சவாரி."

"நல்லது" என்று கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போன கஸ்தூரி, கடாயைப் பார்த்து ஒத்திகை பார்த்தாள்: "சாப்டுட்டுப் போங்க." ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே அனாயாசமாகச் சொன்ன வார்த்தை, ஒரு ஆளுக்குச் சொல்ல வரவில்லை. சொன்னால் தெரு மெல்லும். மெல்லட்டும். ஆனால் அவர் "பரவால்லீங்க" என்று கிளம்பிவிட்டால்? சொல்லாவிட்டால் நாளன்றைக்கு முதல் தொக்கு முழுக்க அவளுக்கே.

(கடாயிடம் பேசியது எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் திறந்திருந்தது. தவிர, நான் கதாசிரியர்.)

6.

மறுநாள் வண்டி வந்தது. வலப்பக்கம் திரும்பியது.

அருணாதேவி வெறும் காலோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். "யோவ்! எதிர் சுத்து போறியேய்யா!"

"தண்ணி டேங்க்குதானேங்க" என்றார் சக்கரவர்த்தி. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நிறைந்த வண்டி, ஒரு தக்காளிகூடக் குறையாமல், முதன்முதலாகக் கஸ்தூரி வாசலில் நின்றது. "என்ன வேணுங்க?" என்றார். கஸ்தூரி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, வாயைத் திறந்து

குக்கர் விசில் அடித்தது. யார் வீட்டுக் குக்கர்? என் வீட்டுது!

7.

ஆகவே இரண்டு முடிவு வைத்திருந்தேன்.

(அ) "அரைக் கிலோ பீன்ஸ்" என்றாள். அருணாதேவி இதுதான் நடந்தது என்று இன்றும் சத்தியம் செய்கிறாள்.

(ஆ) அவள் அதைச் சொன்னாள். அவர், "கை கழுவிக்கட்டுங்களா?" என்றார்.

எதைப் போடுவது என்று தெரியாமல் கஸ்தூரியிடமே கொண்டுபோய்க் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"கறிவேப்பில ரெண்டு கொத்து. ஒண்ணுன்னு எழுதியிருக்க."

"சரிங்க்கா. முடிவு?"

"அத நீ எழுதாத. எழுதினியோ, உனக்கு இனிமே தொக்கு கட்."

எழுதவில்லை. பாட்டில் இதோ மேசைமேல் இருக்கிறது. இப்போதெல்லாம் நல்ல தக்காளியில் கிண்டுவதால் ருசி ஒரு மாத்துக் கம்மிதான். பாட்டில் ஆட்டோவில் வந்து இறங்கியது. யார் ஓட்டினார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், டேங்கை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். வாயில் தொக்கு இருக்கிறது.

வண்டிச் சத்தம் இன்னும் கேட்கிறது. மாடிக்கு வாருங்கள். கொஞ்சம் எக்கினால் போதும்.