இடது பக்கத்துக் கோழிகள்

1
இந்தக் கதை என்னுடையது இல்லை. தீவனக் கடை வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் பேசியதை ஒட்டுக் கேட்டேன். முடிவு வருவதற்குள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், புண்ணியவான்கள். தீவனக் கடையில் எனக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள்.

2
"கொட்டகைக்குள் விடியல் மெல்ல..."

அடித்துவிட்டேன். கறிக்கோழிக் கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், விடியலாவது மண்ணாவது.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தன் அண்ணனின் கொட்டகையை வலை கட்டி இரண்டாகத் தடுத்தாள். தீவனத்தில் உள்ள கொழுப்பு தண்ணீரோடு சேராது. சேர்த்து வைத்துக் குஞ்சுக்குச் செரிக்கச் செய்ய ஒரு பொடி உண்டு. வலது பக்கக் குஞ்சுகளுக்குப் பொடி, இடது பக்கத்துக்கு வெறும் தீவனம். எது அதிகம் எடை போடுகிறது என்று எழுதினால் பட்டம். தீனி போடுவது அண்ணியின் பொறுப்பு.

(அண்ணியும் நாத்தனாரும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி... வேண்டாம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் நீங்களே சிரிப்பீர்கள். தவிர, இருவருக்கும் ரொம்ப ஒட்டுதல். சிக்கலே அதுதான்.)

3
"இது என்ன பொடிம்மா?"

"பால்மமாக்கி, அண்ணி."

[எமல்சிஃபையர் என்றிருந்தால் அண்ணி மருந்தென்று பயந்து ஒதுங்கியிருப்பாள். தமிழ்ப்பற்று படுத்திய பாடு.]

அண்ணியின் காதில் விழுந்தது 'பால்' மட்டும்தான். பிள்ளைகளில் பாதிக்குப் பால், பாதிக்கு ஒன்றுமில்லையா? இடது பக்கக் குஞ்சுகள் வலைக்குள் அலகை நுழைத்து எட்டிப் பார்த்ததை அவளால் தாங்க முடியவில்லை. நாத்தனார் கல்லூரிக்குப் போனதும் அந்தப் பக்கமும் பொடியைக் கலந்து போட்டாள். தினமும். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்து, இந்தப் பத்தியை இரண்டு முறை கிழித்தேன்.

4
எடை போடும் நாள். இரண்டு பக்கமும் கொழுகொழுவென்று, ஒரே எடை. நாத்தனார் தராசு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொடியால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு எழுதணும் அண்ணி. எவ்வளவு நம்பினேன் தெரியுமா?"

முடிவு அ: அண்ணி உண்மையைச் சொல்கிறாள். உழைப்பெல்லாம் வீண், பட்டம் தள்ளிப்போகிறது, பேச்சும் நின்றுபோகிறது.

முடிவு ஆ: அண்ணி வாயே திறப்பதில்லை. நாத்தனார் பட்டம் வாங்குகிறாள், பொய்யை எழுதி, அது பொய்யென்று தெரியாமலே.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அண்ணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நீங்க சரியாத்தானே போட்டீங்க?"

அண்ணி முந்தானையால் தராசைத் துடைக்க ஆரம்பித்தாள். "சரியாத்தான்ம்மா போட்டேன். யாருக்கும் கொறை வைக்கல."

நாத்தனார் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கு இதற்கு மேல் தைரியம் இல்லை. பேனாவை நீங்கள் பிடியுங்கள். அண்ணி அழ ஆரம்பிப்பதற்குள் ஏதாவது எழுதுங்கள்.