பூட்டி வைத்த சர்க்கரை டப்பா

குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே வலிப்பு வந்துவிட்டது. மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. கடைசியில் டாக்டர் உணவையே மருந்தாக்கினார். கொழுப்பு நிறைய, சர்க்கரையும் மாவும் பெயருக்கு மட்டும். ஒவ்வொரு வேளையும் தராசில் நிறுத்துத்தான் ஊட்ட வேண்டும்.

அதே வீட்டில் இருந்த அத்தை, குழந்தையின் அப்பாவுக்கு அக்கா, கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "பச்சைப் புள்ளைக்கு எண்ணெயும் வெண்ணெயுமா? என் தையல் மெஷினுக்குப் போடற மாதிரியில்ல இருக்கு" என்று வாயை விட்டுவிட்டாள். கத்தரியைவிட நாக்கு கூர்மை அவளுக்கு. ஆனால் வலிப்பு குறையத் தொடங்கியதும், யாருக்கும் தெரியாமல் கடவுளுக்கு நன்றி சொன்னவளும் அவள்தான்.

பிறகு வலிப்பு திரும்பியது. சிறுநீர் பட்டால் ஊதா நிறமாக வேண்டிய சோதனைத் தாள் வெளுத்தே கிடந்தது. எங்கிருந்தோ சர்க்கரை உள்ளே போகிறது என்றார் டாக்டர்; இது நீடித்தால் இந்த உணவால் பயனில்லை, நிறுத்திவிட வேண்டியதுதான். கொடுத்துப் பார்க்க வேறு மருந்தும் பாக்கியில்லை.

சந்தேகம் நேராக அத்தை தலையில் விழுந்தது. தம்பி மனைவி சர்க்கரை டப்பாவை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றோடு அத்தையின் காபியிலும் சர்க்கரை நின்றது. பெற்றவள் பயம் அப்படித்தான் இருக்கும் என்று அத்தை கசப்பை அப்படியே விழுங்கினாள்.

தம்பிக்கு பேக்கரியில் கேக் அலங்கரிக்கும் வேலை. அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஒருநாள் அத்தை அதைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். இடது தோளில் மட்டும் எறும்பு மொய்த்திருந்தது. துணி கசங்கி, எச்சில் காய்ந்து விறைத்திருந்தது. யார் வாய் அது என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? வேலை முடிந்து வந்ததும் வராததுமாக மகனைத் தோளில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம்.

இத்தனை நாள் சுமந்த பழிக்கு ஊரைக் கூட்டியிருக்கலாம். அவள் வாளியில் வெந்நீரும் சோப்பும் எடுத்து வாசலில் வைத்தாள்.

மாலையில் கையை விரித்தபடி வந்தவனை மறித்தாள். "நில்லுடா. சட்டையைக் கழட்டு, குளி, அப்புறம் உள்ள வா."

"என்னக்கா, தீட்டா?"

"உன் தோள்ல எறும்பு குடும்பம் நடத்துது. அதுங்களோட போட்டி போட்டு என் மருமகன் சப்பிக்கிட்டு இருக்கான்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முகம் செத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நானாக்கா?"

"கேக்கு செய்யறவன் மேல உப்பா பூத்திருக்கும்? பாசம் வெச்சதுக்கு யாரும் அழமாட்டாங்க. எழுந்திரு, தண்ணி ஆறுது."

தம்பி மனைவி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

சில நாட்களில் தாள் மறுபடி ஊதாவாயிற்று. வலிப்பும் மெல்ல அடங்கியது. தொடரலாம் என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி காபியைக் கொண்டுவந்து, தலை குனிந்தபடி, "சர்க்கரை போதுமா அண்ணி?" என்றாள்.

அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். திகட்டியது.

"இன்னொரு கரண்டி போடு" என்றாள். "பாக்கி நிறைய இருக்கு."