நௌஃபலின் முதுகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருவனந்தபுரத்தில், ஓர் ஆஸ்பத்திரிக் கேன்டீனில். பக்கத்து மேசையில் ஒருவர், தன் மனைவிக்கு வலிப்பு வர வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். அடப்பாவி என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் விஷயம் வேறு. (பெயர்களை மாற்றிவிட்டேன். அவர் தொடாமல் வைத்திருந்த பழம்பொரி பஜ்ஜி நிஜம்.)

2

ஸஜ்னாவின் உடல் வெட்டி இழுத்து... (வேண்டாம். அடித்துவிட்டேன்.)

அவர் மனைவி ஸஜ்னாவின் வலிப்பு இரண்டு வகை மாத்திரைக்கும் கேட்கவில்லை. அது மூளையில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால், அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதற்காக மாத்திரையைக் குறைத்து, தலையில் கம்பிகளை ஒட்டி, கேமராவுக்கு முன்னால் படுக்க வைத்து, வரட்டும் என்று காத்திருந்தார்கள். அவளுக்கு ஆசை ஒன்றுதான். காவலுக்கு ஆள் நிற்காமல், குளத்துப் படியில் மகளைத் தானே குளிப்பாட்ட வேண்டும்.

“தலை நிறைய ஒயரு. கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கேனா, இக்கா?”

“சீரியல் பல்பு ஒண்ணுதான் பாக்கி,” என்றார் கணவர் நௌஃபல்.

“இத்தனை வருஷம் வரக்கூடாதுன்னு நேர்ச்சை. இப்ப வரணும்னு நேர்ச்சை. படைச்சவனுக்கே தலை சுத்திடும்!”

3

நேற்று வந்தது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே வந்தாலும் நாலு பேர் பார்க்காதபடி அவளை மறைத்துக்கொண்டு நிற்பது நௌஃபலின் வழக்கம். நேற்றும் அப்படியே நின்றுவிட்டார். வலிப்பு வந்ததும் அமுக்கச் சொல்லிக் கட்டிலோரம் வைத்திருந்த சுவிட்சைக்கூட அமுக்கவில்லை. கேமராவில் பதிந்தது அவர் முதுகுதான்.

“இக்கா, உங்க முதுக வெச்சு நாங்க என்ன பண்றது?” நர்ஸ் மெர்சி சிரித்தாள். “வந்தா சுவிட்ச அமுக்குங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் திணிக்காதீங்க, கையில சாவியும் வேணாம். அப்புறம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங்க ஓடி வந்துடுவோம்.”

“பழகிடுச்சு, மோளே,” என்றார். கண் கலங்கியிருந்தது.

(எனக்கும் அதே பழக்கம்தான். இந்தக் கதையின் முந்தைய வரைவுகளில் எல்லாம் வலிப்பு வரும் இடத்தில் மழையை வர்ணித்துத் தப்பித்திருக்கிறேன்.)

4

முடிவு ஒன்று: அறுவை சிகிச்சை, குளத்துப் படி, மகள் தலையில் தண்ணீர்...

முடிவு இரண்டு: அறுவைக்கு வழியில்லை, வேறு மாத்திரை, மறுபடி...

இரண்டையும் கிழித்துப்போட்டேன். டாக்டருக்கே இன்னும் தெரியாததை நான் எப்படிச் சொல்ல?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று மதியம் ஸஜ்னா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். “இக்கா, கருகின வாடை வருது.” வலிப்புக்கு முன்னால் எப்போதும் அவளுக்கு வரும் வாடை.

நௌஃபல் சுவிட்சை அமுக்கினார். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கை பழக்கத்தில் போர்வையை இழுத்தது, பிறகு விட்டுவிட்டது. அழுதுகொண்டே சுவரோரம் நகர்ந்தார்.

நானும் நகர்ந்துகொள்கிறேன். வெளியே மழை இல்லை. மெர்சி ஓடி வருகிறாள். இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவள் கண் திறக்கும்போது, பார்த்துக்கொண்டிருந்த முகம் ஒன்று அங்கே இருக்கட்டும்.