மச்சான் திறந்த பக்கம்

எங்கள் ஆபீஸில் எல்லாரும் எல்லாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், மேலாளரைத் தவிர. அந்தக் கூட்டத்தில் எனக்கு நிஜ மச்சான் ஒருவன் இருந்தான். என் மனைவியின் தம்பி. ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, மேலாளரின் கையைக் காலைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டவன் நான். சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். இனிமேல் சொல்லிக்காட்டுவதாக உத்தேசம்.

நாங்கள் கிளினிக்குகளுக்கு இணையதளம் நடத்துகிறோம். நோயாளிகள் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்து டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளலாம். போன வருடம் வரை ஒரு பக்கம் திறக்க ஒன்பது வினாடி ஆகும். அதற்குள் காய்ச்சலே இறங்கிவிடும் என்று வரவேற்பில் இருக்கும் அக்கா கிண்டல் செய்வார். அதைச் சரிசெய்தது நான். டாக்டர்கள் பட்டியலை யார் கேட்டாலும் தளம் ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் வரை போய்க் கேட்டு வந்துகொண்டிருந்தது. ஒருமுறை கேட்டதை வாசலிலேயே ஒட்டிவைத்து, அடுத்து வருகிறவர்களுக்கும் அதையே காட்டும்படி செய்தேன். இதற்குப் பெயர் கேஷ். ஒன்பது வினாடி இரண்டானது.

ஒரே ஒரு கண்டிஷன் உண்டு. உள்ளே நுழைந்தவர்களின் சொந்தப் பக்கங்களை மட்டும் அப்படி ஒட்டிவைக்கவே கூடாது. ஒட்டினால், முதலில் வந்தவருடைய பக்கம் பின்னால் வருகிற எல்லாருக்கும் தெரியும். அதற்கான சுவிட்சை அணைத்து, பக்கத்தில் 'தொடாதே' என்று நானே எழுதியும் வைத்திருந்தேன்.

மேலாளருக்கு இரண்டு வினாடி போதவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து தளத்தைப் பார்க்க வருகிறார்கள், ஒரு வினாடிக்குள் திறந்துகாட்ட வேண்டும் என்றார். அந்தச் சுவிட்சைப் போட்டால் என்ன என்று கேட்டார். முடியவே முடியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரம்தான் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். "மச்சான், உங்க லாகின் குடுங்களேன். என்னோடதுல ஒரு ரிப்போர்ட் திறக்க மாட்டேங்குது" என்றான். கடவுச்சொல்லை அவன் போனிலேயே அடித்துக் கொடுத்தேன். வீட்டுப் பிள்ளையிடம் எதை மறைப்பது?

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு ஆபீஸுக்குள் நுழைந்தேன். என்றைக்கும் பத்தரைக்கு வருகிற மச்சான் எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். ஊழியர்களுக்கும் அதே தளத்தில் 'என் பக்கம்' என்று ஒன்று உண்டு. விடுமுறை மனு, ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகள் எல்லாம் அதில்தான். அதைத் திறந்தேன், ஆனால் படிக்க நேரமில்லை. வரவேற்பு அக்கா போனை நீட்டியபடி ஓடிவந்தார்.

"என் பொண்ணுக்குப் பல் டாக்டர்கிட்ட எத்தனை மணிக்குன்னு பாக்கலாம்னு திறந்தேன்" என்றது ஒரு பெண் குரல். "யாரோ ஒருத்தரோட மனநல டாக்டர் அப்பாயிண்ட்மென்ட் காட்டுதுங்க. பேரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு. பாவம், அவருக்கு இது தெரியுமா?"

ஓடிப்போய்ப் பார்த்தால் சுவிட்ச் போட்டிருந்தது. அணைத்தேன். சர்வர் சேமித்துவைத்திருந்த எல்லாப் பக்கங்களையும் அழித்தேன். அதற்குள் நாற்பத்தொரு பேர் அந்த மனிதருடைய பக்கத்தைப் பார்த்திருந்தார்கள்.

மேலாளர் என்னையும் மச்சானையும் அறைக்குள் கூப்பிட்டு, மாற்றங்களின் பதிவைக் காட்டினார். காலை 8.52. சுவிட்சைப் போட்டவர் என்ற இடத்தில் என் பெயர்.

"அப்ப நான் பஸ்ஸுல இருந்தேன்" என்றேன்.

சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் ஏதோ மறந்துவிட்டதை நினைவூட்டுவதுபோல அவன் சாவகாசமாகச் சொன்னான்: "மச்சான், வேகம் பத்தலை, போட்டுப் பாக்கணும்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க."

பதிவில் இருந்த என் பெயரையே திரும்பப் பார்த்தேன். கோபம்கூட அப்புறம்தான் வந்தது.

"கிளினிக்குக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க" என்றார் மேலாளர். "தப்பு உங்களோடதுன்னு தெளிவா இருக்கணும். அப்படியே ராஜினாமாவையும் போட்டுடுங்க."

பதினான்கு வருட வேலை. இந்தப் பழியோடு வெளியே போனால் அடுத்து எவன் என்னை நம்பி ஒரு சர்வரைக் கொடுப்பான்? இடத்துக்குத் திரும்பி, ராஜினாமா படிவத்துக்காக 'என் பக்கம்' போனேன். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. நான் அழித்தது சர்வரில் இருந்ததைத்தான். காலையில் திறந்த பக்கத்தின் பிரதியை என் பிரவுசரும் தன் பங்குக்கு ஒரு மணி நேரம் வைத்திருந்தது.

வணக்கம் என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் மச்சானின் பெயர். சுவிட்சைப் போட்டதும் ஊழியர்களில் முதல் ஆளாகத் தன் பக்கத்தைத் திறந்தவன் அவன். கீழே, மேலாளரும் அவனும் முந்தின நாள் அனுப்பிக்கொண்ட செய்திகள்.

'காலைல அவரோட லாகின்லயே போட்டுடறேன் சார்.'

'பிரச்சினை வந்தா?'

'அவர் பேர்லதான் வரும். வீட்டுல அக்கா இருக்கா, அவரை அடக்கிடுவா.'

மூன்று முறை படித்தேன். போனில் படம் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள். "ஆபீஸ்ல ஏதாவது ஆயிடுச்சா? கோபப்படாதீங்க. விட்டுக்குடுத்துப் போங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"தம்பிதான். நீங்க பஸ் ஏறினதும் போன் பண்ணினான். ஏதாவது தப்பு நடந்தா உங்க பேருல வருமாம், நான்தான் உங்களைச் சமாதானப்படுத்தணுமாம்."

"நான் எதையும் செய்யல."

"தெரியும்" என்றாள். "அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணங்க. உங்களுக்கு வேற வேலை கிடைக்கும்."

அவன் செய்ததைத் தாங்கிக்கொண்டேன். அந்தத் 'தெரியும்' என்ற சொல்லைத் தாங்க முடியவில்லை. காலையில் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள், ஒரு போன் பண்ணி என்னை எச்சரித்திருக்கலாம். போனை வைத்துவிட்டு இடத்துக்கு வந்தேன்.

கிளினிக்குக்குக் கடிதம் எழுதினேன். பக்கம் வெளியான அந்த மனிதரிடம் அதில் மன்னிப்புக் கேட்டேன். கடவுச்சொல்லைக் கொடுத்தது என் தப்பு என்றும் எழுதினேன். படத்தை இணைத்து அனுப்பினேன்.

பின்னால் மச்சான் வந்து நின்றான். "அக்காகிட்ட நான் பேசிட்டேன் மச்சான். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றான்.

திரையில் அவன் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. அவன் தன் பெயரைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு பக்கத்தைப் புதிதாக ஏற்றினேன். வணக்கம் என்பதற்குப் பக்கத்தில் என் பெயர் வந்தது. எனக்கு யாரிடமிருந்தும் ஒரு செய்தியும் இல்லை.